தூங்குமூஞ்சி மரத்தை முழுசாகப் படம் எடுப்பது எப்படி?

நடைவழி:
சிங்கப்பூரில் எங்கள் புளோக்குக்கு (அடுக்குமாடிக் கட்டடம்) எதிரே பெரிய தூங்குமூஞ்சி மரம். குடைபோல விரிந்த கிளைகள், மேலெல்லாம் பறவைக்கூடு பெரணி. கைப்பேசியில் எடுத்தால் வானம் வெளுத்து, அடிமரம் கறுத்து, மரமே பின்னால் சாய்ந்தாற்போல் வருகிறது. மாலை ஆறரைக்கு எடுத்தால் கிளைகள் மொட்டையாகத் தெரிகின்றன. என்ன தவறு? பூமலையில் (தாவரவியல் பூங்கா) இருக்கும் தெம்புசு மரத்தையும் எடுக்க ஆசை. கைப்பேசியோடு பழைய மிரர்லெஸ் கேமராவும் இருக்கிறது.

வேர்முடிச்சு:
மொட்டையாகத் தெரிவதற்குக் காரணம் மரம்தான். தூங்குமூஞ்சி அந்திக்கு முன்பே சிற்றிலைகளை மடக்கத் தொடங்கிவிடும். மழை மேகம் கவிந்தாலும் மடக்கும். நிறைந்த குடை வேண்டுமென்றால் காலையில் போங்கள். இங்கே ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணியையொட்டி உதிக்கிறது, மணிக்குச் சுமார் 15 பாகை ஏறிவிடுகிறது. ஏழரையிலிருந்து எட்டரை வரைதான் ஒளி பக்கவாட்டில் வந்து பட்டையின் வெடிப்புகளைக் காட்டும். மதியம் ஒரு மணி வாக்கில் வெயில் உச்சியில் நிற்கும், குடையின் அடிப்பக்கம் முழுக்க இருட்டு.

சாய்வது நீங்கள் கைப்பேசியை அண்ணாந்து பிடிப்பதால். 0.5 லென்ஸ் (மிக அகலமாகக் காட்டுவது) அதை இன்னும் மிகைப்படுத்தும், அதை விட்டுவிடுங்கள். கைப்பேசியைக் கிடையாகப் பிடித்து 1எக்ஸில் எடுத்தால், 30 மீட்டர் அகலக் குடைக்குச் சுமார் 22 மீட்டர் பின்வாங்க வேண்டும். 2எக்ஸுக்கு அதைப்போல் இரு மடங்கு. இடம் இல்லையென்றால் பக்கத்துப் பல மாடி கார் நிறுத்துமிடத்தின் மூன்றாம் அல்லது நான்காம் தளம் நல்ல இடம். குடையின் உயரத்திலேயே நிற்பீர்கள், கைப்பேசியைச் சாய்க்கவே வேண்டாம். பெரணியும் நேர் எதிரே தெரியும்.

இலைநிழல்:
வெளுத்த வானத்துக்கு: அடிமரத்தைத் திரையில் அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள். பிறகு வெளிச்சத்தை -0.7 அல்லது -1 வரை இறக்குங்கள். கறுத்த பகுதியைப் பிறகு தூக்கலாம். வெளுத்துப்போனதை மீட்க முடியாது.

எச்டிஆர், அதாவது வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த பல படங்களை ஒன்றாக்குவது, பலர் சொல்லும் வழி. காற்றில்லாத நேரத்தில் சரி. இலை ஆடினால் பல படங்களை ஒட்டும்போது நுனிகள் இரட்டையாகிவிடும், கிட்டப் பார்த்தால் பஞ்சு மாதிரி இருக்கும். மிரர்லெஸ்ஸில் ஒரே ஷாட், ரா கோப்பு (கேமரா திருத்தாத மூலப் படம்), 1/250 நொடிக்குக் குறையாத ஷட்டர் வேகம், எஃப்8 (லென்ஸ் துளை அளவு). ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலை) ஆட்டோவில் விடாதீர்கள், மர நிழலில் பச்சை சாயம் ஏறும் அல்லது அதை ஈடுகட்டப்போய் ஊதா அடிக்கும். 'டேலைட்' போதும்.

நடைவழி:
நன்றி, மாடி யோசனை அருமை. மழை விட்டதும் எடுத்தால் இலை பளபளவென்று வெள்ளையாக மின்னுகிறதே?

இலைநிழல்:
அது ஈர இலையில் வானம் பிரதிபலிப்பது. லென்ஸின் முன் மாட்டும், பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டரை மெல்லத் திருப்பினால் மினுக்கு அடங்கிப் பச்சை எழும். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி) வெளிச்சம் குறையும், ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏற்றிக்கொள்ளுங்கள். வைட் லென்ஸில் நீல வானம் திட்டுத்திட்டாக வரும், அங்கே வேண்டாம்.

பட்டைநிறம்:
தெம்புசு பற்றி. ஐந்து வெள்ளி நோட்டின் பின்புறம் இருக்கும் அதே மரம். 1859இல் பூமலை உருவாகும் முன்பே அது அங்கு நின்றதாகச் சொல்வார்கள். அதன் அழகே தரையோடு படுத்த அந்தக் கிளைதான். முழங்கால் உயரத்துக்குக் கேமராவை இறக்கினால் கிளை வானத்தை நோக்கித் தெளிவாகப் பிரிந்து நிற்கும். நின்றபடி எடுத்தால் பின்னால் உள்ள புல்வெளியில் கலந்துவிடும். வேலியைத் தாண்ட வேண்டாம். மிதிபட்டு மண் இறுகினால் வேருக்குக் காற்றும் நீரும் போகாது, இந்த வயது மரத்துக்கு அது பெரிய கேடு. அளவு காட்ட ஓர் ஆளை வேலிக்கு வெளியே நிறுத்தினால் போதும்.

காலை ஐந்துக்கே திறந்துவிடுவார்கள், ஆறே முக்காலுக்கு அங்கே இருங்கள். எம்ஆர்டி ரயிலின் குளிரிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படியும். துடைத்தால் திரும்பப் படியும். ஜிப் மூடிய பையிலேயே 15 முதல் 20 நிமிடம் வைத்து, கேமரா வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு எடுங்கள்.

முழு மரத்தோடு நிறுத்தாமல் பட்டை, இலையின் இருபுறம், பூ அல்லது காய் எனத் தனித்தனியாகவும் எடுத்துவையுங்கள். தெம்புசுவின் ஆழமாக வெடித்த பட்டையும், அங்சானா மரத்தின் தட்டையான சிறகுக் காயும் இருந்தால், பெயர்ப்பலகை இல்லாத இடத்திலும் இன்ன மரம் என்று பிறகு உறுதிசெய்யலாம்.