டிஎஸ்எச் நார்மலாம், அப்புறம் ஏன் அக்காவால் எழுந்து நடக்கவே முடியவில்லை?

வைகைக்கரை:
அக்காவுக்கு 33 வயது. இரண்டாவது பிரசவம் ஆகி மூன்று வருடம், அன்றிலிருந்து ஆள் பழைய ஆளாகவே இல்லை. எப்போதும் அசதி, சித்திரை வெயிலில்கூட ஃபேனை நிறுத்தச் சொல்லிப் போர்த்திக்கொண்டு படுக்கிறாள், உட்கார்ந்து எழுந்தால் தலைசுற்றல், பீரியட்ஸ் திரும்ப வரவே இல்லை. ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், அப்புறம் மனச்சோர்வு என்றார்கள். தைராய்டு பார்த்ததில் டிஎஸ்எச் 2.1, நார்மல். போன மாதம் இரண்டு நாள் விடாமல் வாந்தி, அட்மிட் செய்தால் ரத்தத்தில் சோடியம் 121, ரொம்பக் குறைவாம். டிரிப்ஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இது என்னதான்?

ஒத்தையடிப்பாதை:
டிஎஸ்எச் நார்மலாக இருந்தாலும் அறிகுறி எல்லாம் அச்சு அசல் தைராய்டுதான். என் மனைவி போடும் தைராய்டு மாத்திரையை (50) ஒரு மாதம் போட்டுப் பாருங்கள்.

கண்மணி:
தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், காரணம் பிறகு சொல்கிறேன். முதலில் இது: பிரசவத்தில் ரத்தம் நிறையப் போனதா? தாய்ப்பால் வந்ததா?

வைகைக்கரை:
எப்படிக் கேட்டீர்கள்! நஞ்சு பிரியாமல் ரத்தம் கொட்டி நாலு யூனிட் ஏற்றினார்கள். பால் ஒரு சொட்டுகூட வரவில்லை. அம்மா தினமும் பூண்டும் பால்சுறாவுமாகச் சமைத்துப் போட்டார். பத்தியம் ஒழுங்காக இருந்திருந்தால் வந்திருக்கும் என்று அக்காவின் மாமியார் இன்றும் சொல்லிக்காட்டுகிறார்.

கண்மணி:
பாவம் உங்கள் அக்கா, பத்தியத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது. மூக்குக்குப் பின்னால், மூளைக்கு அடியில், ஒரு எலும்புக் குழிக்குள் பட்டாணி அளவுக்குப் பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது, எடை அரை கிராம்தான். மற்ற சுரப்பிகளை வேலை வாங்குவது அதுதான். கர்ப்ப காலத்தில் பாலுக்கான ப்ரோலாக்டின் செல்கள் பெருகி அது பெரிதாகிவிடும், ரத்த ஓட்டம் அந்த அளவுக்குக் கூடாது. அந்த நேரம் பார்த்து ரத்தம் கொட்டி பிரஷர் இறங்கினால் அதன் முன்பகுதி பட்டுப்போகலாம். பால் வராமல் போவதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி. மற்றவை மெதுவாக, சிலருக்கு வருடக்கணக்கில் கழித்துத் தெரியும். ஹெரால்ட் ஷீஹன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1937-ல் விவரித்ததால் ஷீஹன் சிண்ட்ரோம் என்பார்கள். உங்கள் அக்காவுக்கு அதுதான் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது, ஆனால் கதை அப்படியே பொருந்துகிறது.

டிஎஸ்எச் விஷயம்: அது தைராய்டு சுரப்பது இல்லை, தைராய்டுக்குப் பிட்யூட்டரி போடும் அதட்டல். தைராய்டு சோம்பினால் அதட்டல் கூடும், எண் ஏறும். அதட்ட வேண்டிய ஆளே படுத்துவிட்டால் எண் எங்கே ஏறப்போகிறது? அதனால் ஃப்ரீ டி4 (தைராய்டே சுரப்பது), காலை எட்டு மணிக்கு கார்டிசால் (பிட்யூட்டரி சொல்லி அட்ரீனல் சுரப்பது, உடம்பு நோயைத் தாங்க அவசியம்), ப்ரோலாக்டின், பீரியட்ஸுக்கான எஃப்எஸ்எச், எல்எச் எல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும், பிட்யூட்டரி எம்ஆர்ஐயும். எண்டோக்ரைனாலஜிஸ்ட்டிடமே போங்கள், நாள் கடத்த வேண்டாம், சோடியம் 121 விளையாட்டு இல்லை. மறுபடி வாந்தியோ மயக்கமோ வந்தால் நேராக எமர்ஜென்சிக்கு.

@ஒத்தையடிப்பாதை, கார்டிசால் குறைவாக இருப்பவருக்குத் தைராய்டு மாத்திரையை முதலில் கொடுத்தால் இருக்கிற கொஞ்ச கார்டிசாலும் வேகமாகச் செலவாகி உயிருக்கே ஆபத்தாகலாம். கார்டிசாலுக்குப் பதிலாகப் போடும் ஸ்டீராய்டான ஹைட்ரோகார்டிசோன் முதலில், தைராய்டு மாத்திரையான தைராக்சின் அப்புறம்.

ஒத்தையடிப்பாதை:
இது தெரியாமல் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்.

வேப்பம்பூ:
எனக்கும் இதேதான், ஆறு வருடமாக மாத்திரையில் இருக்கிறேன், வேலைக்கும் போகிறேன். அக்குளில் முடி உதிர்ந்து போனதா என்று கேளுங்கள், எனக்கு அதைக் கேட்டுத்தான் டாக்டர் பிடித்தார். ஸ்டீராய்டு என்றதும் வீட்டில் நிறுத்தச் சொல்வார்கள், நிறுத்தவே கூடாது. உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைத்தான் வெளியிலிருந்து போடுகிறோம். காய்ச்சல் என்றால் டாக்டர் சொல்லிவைத்தபடி டோஸை இரட்டிப்பாக்க வேண்டும், வாந்தியில் மாத்திரை தங்கவில்லை என்றால் ஊசிதான். பர்ஸில் ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

வைகைக்கரை:
பத்து நாள் கழித்து வருகிறேன். கார்டிசால் 1.6தான், ரொம்பக் குறைவு, ஃப்ரீ டி4-ம் குறைவு, எம்ஆர்ஐயில் பிட்யூட்டரி இருக்க வேண்டிய குழி கிட்டத்தட்ட காலி. ஹைட்ரோகார்டிசோன் ஆரம்பித்து நாலாவது நாள் அக்கா தானே எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டாள், அம்மா கதவோரம் நின்று அழுகிறார். மாமியார் ரிப்போர்ட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. நாளையிலிருந்து தைராக்சினும் உண்டு. ஒரு சந்தேகம், காபிக்கு முன்னாலா பின்னாலா?

வேப்பம்பூ:
தைராக்சின் வெறும் வயிற்றில், காபிக்கு அரை மணி நேரமாவது முன்னால். ஹைட்ரோகார்டிசோன் எழுந்தவுடன், வயிறு எரிந்தால் ரெண்டு பிஸ்கட்டோடு.