மாதனூர் தரைப்பாலத்தை அடித்துக்கொண்டு போனது யார் தண்ணீர்?

பொன்னைக்கரையான்: 2021 நவம்பர் வெள்ளத்தில் பாலாற்றின் வாலாஜா அணைக்கட்டில் வினாடிக்கு ஒரு லட்சம் கனஅடி போனதை வைத்து "பாலாறு பொங்கியது" என்று இன்னமும் வீடியோ போடுகிறார்கள். எரிச்சலாக இருக்கிறது. அது பாலாற்றுத் தண்ணீரே இல்லை, சித்தூர்ப் பக்கம் பெய்த மழை பொன்னை ஆறு வழியாக வந்தது. பாலாறு செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு.

வாணியம்பாடியான்: செத்த ஆறா? அப்போ அதே வெள்ளத்தில் மாதனூர்–குடியாத்தம் சாலையில் பாலாற்றுத் தரைப்பாலத்தை அடித்துக்கொண்டு போனது யார் வீட்டுத் தண்ணீர்? பொன்னை வந்து சேர்வது திருவலம் தாண்டி. மாதனூர் அதற்கு எவ்வளவோ மேற்கே இருக்கிறது. தண்ணீர் மேடேறி வந்ததா? நந்தி மலையில் பிறந்து கர்நாடகத்தில் 93, ஆந்திராவில் 33, நம்மிடம் 222 கிலோமீட்டர் ஓடுகிற ஆற்றைச் செத்தது என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வருகிறது?

குடியாத்தம் தம்பி: அண்ணா, அது மோர்தானா அணைத் தண்ணீர். அணை நிரம்பி வழிந்து கௌண்டன்யா ஆற்றில் வந்ததை ஊரே பார்த்தது. கரையோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததெல்லாம் மறந்துவிட்டதா?

வாணியம்பாடியான்: தம்பி, கௌண்டன்யா பாலாற்றில் விழுவதே மாதனூருக்குக் கீழேதான். விரிஞ்சிபுரம் தரைப்பாலத்துக்கு வேண்டுமானால் மோர்தானா கணக்கைச் சொல். மாதனூருக்குச் சொல்லாதே. வீட்டுக்குள் வராமல் என்ன செய்யும், ஆற்றுப் புறம்போக்கில்தானே கட்டினீர்கள்?

குடியாத்தம் தம்பி: ஏழை எங்கே போய்க் கட்டுவான்? உங்கள் ஊர் தோல் ஷாப்காரர்கள் ஆற்றில் கழிவு விட்டபோது இந்த வேகம் எங்கே போச்சு?

வாணியம்பாடியான்: போன தடவையும் இதையேதான் இழுத்தாய். தோல் கழிவைப் பற்றித் தனியாகப் பேசலாம், நான் ஓடிப்போக மாட்டேன். இப்போது மாதனூர்.

சத்துவாச்சாரி: ஆந்திராக்காரன் தடுப்பணையைத் திறந்துவிட்டான், அவ்வளவுதான். இதற்கு இத்தனை பேச்சா?

வாணியம்பாடியான்: சார், தடுப்பணை என்பது நிரம்பினால் மேலே வழிகிற சுவர். ஆந்திர எல்லையில் புல்லூரில் 5 அடியாக இருந்த தடுப்பணையை 2016-ல் 12 அடி ஆக்கினார்கள், அந்த வயிற்றெரிச்சல் எனக்கும் உண்டு. ஆனால் அடைமழை பெய்தால் நிரம்பி வழியத்தான் செய்யும். 1903 நவம்பரில் மேலே மைசூர்ச் சீமையில் பெய்த மழைக்கு எங்கள் ஊரில் எத்தனை பேர் செத்தார்கள் என்று வாணியம்பாடி நினைவுத்தூணைப் போய்ப் பாருங்கள். அப்போது எந்தத் தடுப்பணை இருந்தது?

பொன்னைக்கரையான்: 1903 கதை எதற்கு? மாதனூரில் வந்தது பேரணாம்பட்டு மலட்டாற்றுத் தண்ணீர். அதுவும் பாலாறு இல்லை.

வாணியம்பாடியான்: மலட்டாறு பாலாற்றில் விழுந்த பிறகு அதற்குப் பெயர் என்ன? பொன்னை பாலாறு இல்லை, கௌண்டன்யா பாலாறு இல்லை, மலட்டாறும் இல்லை. அப்போ பாலாற்றுக்கு வானத்திலிருந்து குழாய் போட்டா தண்ணீர் வரும்? ஆற்றில் மணலைச் சுரண்டி எடுத்துவிட்டு, சீமைக்கருவேலத்தைக் காடாக வளரவிட்டோம். அந்த முள் தரைப்பாலத்துக் குழாய்களில் அடைத்துக்கொண்டால் தண்ணீர் மேலேறிப் பக்கத்து மண்ணை அரிக்கும், அப்புறம் பாலம் நிற்குமா? தரைப்பாலம் கட்டியதே தப்பு. செத்த ஆறுதானே என்ற நினைப்பில் கட்டியது.

சத்துவாச்சாரி: மணல் அள்ளினது யாராம்? உங்கள் பக்கத்து லாரிதான்.

வாணியம்பாடியான்: லாரி எல்லா ஊரிலிருந்தும் வந்தது. வண்டி எண்ணைக் காட்டட்டுமா?

பொன்னைக்கரையான்: காட்டுங்கள். எத்தனை லாரி வந்தாலும் வாலாஜாவில் போன லட்சம் கனஅடி பொன்னைத் தண்ணீர்தான்.

வாணியம்பாடியான்: வாலாஜாவை யார் கேட்டது? மாதனூருக்குப் பதில் சொல்லுங்கள்.