மெட்ராஸ் டெரஸ் வீடு ஒழுகுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
தாத்தா கட்டிய சின்ன பங்களா. மூன்று அறை, முன்னால் வராந்தா. தேக்குக் கட்டைகள் மேல் சின்னச் செங்கலை நிறுத்தி அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை. பாட்டி கட்டில் போட்டிருந்த மூலையில் மழைக்குச் சொட்டுகிறது. இடித்துவிட்டு கான்கிரீட் போடச் சொல்கிறார்கள். எனக்கு மனசே வரவில்லை.

பதில்:
இடிக்காதீங்க. சுவருக்குள் போகும் கட்டை நுனிகளைக் குத்திப் பாருங்கள், உளுப்பது அங்கேதான். மேலே சிமெண்ட் பூசியிருக்கிறதா? அது வெடித்தால் இறங்கும் தண்ணீர் காய வழியில்லாமல் கட்டையை ஊறவைக்கும்.

இன்னொரு பதில்:
எங்கள் வீட்டில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளித்து, நாள்கணக்கில் அடித்து இறுக்கினோம். அதன் மேல் தட்டையான ஓடு பதித்தோம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் கஷ்டம்.

கேட்டவர்:
பார்த்தேன், சிமெண்ட் பூச்சுதான். ஒரே ஒரு கட்டைதான் உளுத்திருக்கிறது. அதை மட்டும் மாற்றுகிறோம். ரொம்ப நன்றி!