'வாகை சூட வா'வைப் பெற்றோர் கூட்டத்தில் திரையிடலாமா? ஆசிரியர் படங்கள் பற்றி ஒரு விவாதம்

அரூர் வாசகன்:

எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நான் பெற்றோர் உறுப்பினர். கூட்டம் என்றால் அம்மாக்கள் நாலைந்து பேர் வருகிறார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அடுத்த கூட்டத்தன்று சாயங்காலம் மைதானத்தில் திரை கட்டி 'வாகை சூட வா' போடலாம் என்று நினைக்கிறேன்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சற்குணம் இயக்கி 2011-ல் வந்த படம், சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. கதை 1966-ல் நடக்கிறது. மகன் அரசு வேலைக்குப் போக வேண்டும் என்று அப்பா ஆசைப்படுகிறார். மகன் வேலுத்தம்பி (விமல்) அதற்கு நடுவில் ஒரு செங்கல் சூளை ஊருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறான். அங்கே பிள்ளைகள் மண்ணிலும் கல்லிலும் கிடக்கிறார்கள். படித்து என்ன ஆகப்போகிறது என்று பெரியவர்களே கேட்கிறார்கள். விளையாட்டும் வம்புமாகத்தான் அவனால் அந்தப் பிள்ளைகளை நெருங்க முடிகிறது. கடைசியில் அரசு வேலை கைக்கு வரும்போது, அதை விட்டுவிட்டு அந்த ஊரிலேயே நிற்க முடிவெடுக்கிறான்.

தருமபுரி, சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1965 அக்டோபரில். படத்தின் கதை அதற்கு அடுத்த வருஷத்தில் நடக்கிறது. படம் வெளியான 2011-ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்திலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் நம்முடையதுதான். மாநில சராசரி 80 விழுக்காட்டைத் தொட்டபோது நாம் 68.5-ல் இருந்தோம். இந்தப் படத்தைப் பார்க்க வேண்டிய ஜனம் நம்மைவிட வேறு யார்?

மலைப்பள்ளி டீச்சர்:

படம் அருமையான படம், நானும் அழுதிருக்கிறேன். ஆனாலும் பெற்றோர் கூட்டத்தில் போட வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

சித்தேரிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். வகுப்போ ஐந்து. ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஐந்து வகுப்பும் இன்னொருவர் தலையில். ஒன்றாம் வகுப்புக்கு 'அ' போட்டுக் காட்டும்போதே ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்கில் நின்றுகொண்டிருக்கும். இதற்கிடையில் டவர் கிடைக்கிற இடம் தேடிப்போய், பள்ளிக்கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில் வருகை பதிவு செய்ய வேண்டும். எந்தப் படத்தில் இது வருகிறது?

ஆசிரியர் படங்களுக்கு ஒரு வழக்கமான அச்சு உண்டு. நல்லவர் ஒருவர் வெளியூரிலிருந்து வருவார். ஏற்கெனவே அங்கே இருப்பவர்கள் எல்லாம் தூங்குமூஞ்சிகளாக இருப்பார்கள். 2012-ல் வந்த 'சாட்டை'யில் சமுத்திரக்கனி இயற்பியல் ஆசிரியராக வருவார். அவர் ஒருவர் ஒளிர வேண்டும் என்பதற்காகப் பக்கத்து நாற்காலிக்காரர்களை எல்லாம் இருட்டில் தள்ளிவிட்டார்கள். பெற்றோர் அதைப் பார்த்துவிட்டு மறுநாள் எங்களிடம் வருகிறார்கள். "உங்களுக்கு ஏன் அப்படி மனசு இல்லை?" என்று அந்தப் பார்வை கேட்கிறது. பயிற்சிக்குப் போனவருக்கு மாற்று ஆசிரியர் ஏன் இல்லை என்று வட்டாரக் கல்வி அலுவலரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

பென்னாகரத்தான் (இப்போது பெங்களூரு):

டீச்சர், உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் நான் எதிர்க்கட்சி.

பொங்கல் முடிந்தால் எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். மேஸ்திரி முன்பணம் கொடுத்திருப்பார், குடும்பத்தோடு சூளைக்குக் கிளம்பியாக வேண்டும். கல்லுக்குத்தான் கூலி, ஆளுக்கு இல்லை. அதனால் பையன் கை சேர்ந்தால் நாலு கல் கூட வரும். அப்பா அம்மாவைக் குறை சொல்லவே மாட்டேன், கடன் அப்படி. ஏழாம் வகுப்பு அரையாண்டு முடிந்ததும் நானும் போய்விட்டேன். பதிவேட்டில் நீண்டநாள் விடுப்பு என்று எழுதிவிட்டு இருந்திருக்கலாம். ஆனால் எங்கள் கணக்கு சார் விலாசம் விசாரித்துச் சூளைக்கே வந்துவிட்டார். மேஸ்திரியிடம் சத்தம் போடவில்லை. அப்பாவோடு கல் அடுக்கின இடத்திலேயே உட்கார்ந்து, "இவன் இல்லாமல் எத்தனை கல் குறையும்? அதற்கு எத்தனை ரூபாய்? விடுதியில் சேர்த்தால் இவன் சாப்பாட்டுச் செலவு எவ்வளவு மிச்சம்?" என்று கணக்குப் போட்டார். மனு எழுதி, சாதிச் சான்றிதழ் வாங்கி, அரசு விடுதியில் சேர்த்துவிட்டுத்தான் போனார்.

விடுதி ஏற்கெனவே இருந்தது. திட்டமும் இருந்தது. எங்களையும் அதையும் இணைக்கிற ஆள்தான் இல்லை. அந்த ஆளைப் பற்றிப் படம் எடுத்தால் அதை எப்படி அச்சு என்று தள்ள முடியும்?

ஓசூர் அப்பா:

இரண்டு ஷிப்ட் பார்க்கிற தொழிலாளியாக ஒரு வார்த்தை. என் பெண் அரசு மேல்நிலைப் பள்ளியில் 11-ஆம் வகுப்பு. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-ல் வந்ததிலிருந்து வீட்டில் ஒரு நம்பிக்கை. எனக்கு வேண்டியது பாடத்தை ஜனவரிக்குள் முடித்து, திருப்புதல் தேர்வு வைத்து, விடைத்தாளை ஒழுங்காகத் திருத்தித் தருகிற ஆசிரியர். மரத்தடியில் பாட்டுப் பாடி வேதியியல் நடத்துகிறவர் பிள்ளைகளுக்குப் பிடித்தமானவராக இருக்கலாம். அவர் மாறுதலில் போய்விட்டால் பாதிப் பாடத்தோடு நிற்பது என் பெண்.

புதுமையான ஆசிரியர் என்று சினிமா காட்டுகிற ஆள் முதலில் பாடப் புத்தகத்தைத்தான் ஓரமாக வைக்கிறார். ஏழைப் பிள்ளைக்கு அந்தப் புத்தகம்தான் ஏணி. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அது போனால் டியூஷன் இருக்கிறது.

தளி வாசகி:

நீங்கள் எல்லோரும் பேசுகிற பள்ளியில் பிள்ளைக்கு வாத்தியார் சொல்வது காதில் விழுந்தால் புரிந்துவிடுகிறது. எங்கள் பக்கம் அது கூட இல்லை. தளி, பேரிகை, தேன்கனிக்கோட்டைப் பகுதியில் பல வீடுகளில் தெலுங்கும் கன்னடமும்தான். பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய தமிழ் கற்றல் சட்டம் 2006-ல் வந்தது. 2006-07-ல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி வருஷத்துக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16-ல் பத்தாம் வகுப்பை எட்டியது. அந்த முதல் வரிசைப் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. சட்டம் சரியா தப்பா என்பது வேறு விவாதம், இங்கே வேண்டாம்.

முதல் மாதம் முழுக்க வகுப்பில் நான் வாயே திறக்கவில்லை. ஊமையோ என்று பாட்டியிடம் கேட்டிருக்கிறார்கள். எங்களுக்கு வந்த டீச்சர் சேலத்துக்காரர். அவர் செய்தது ஒன்றுதான். தினமும் கடைசி மணியில் எங்களைத் தெலுங்கில் கதை சொல்ல விட்டு, தானும் உட்கார்ந்து கேட்டார். புரியாத இடத்தில் எங்களிடமே கேட்பார். தப்புத் தப்பாகத் தெலுங்கு பேசுவார். நாங்கள் திருத்துவோம். பெரியவர்கள் ஒருவர் எங்கள் முன்னால் தப்பாகப் பேசலாம், திருத்திக்கொள்ளலாம் என்று பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தமிழில் வாய் திறக்கத் தைரியம் வந்தது.

அரூர் அண்ணாவிடம் என் கேள்வி இதுதான். சினிமா வாத்தியார் ஏன் எப்போதும் பேசிக்கொண்டே இருக்கிறார்? மேசைமேல் ஏறுகிறார், வசனம் பேசுகிறார், பிள்ளைகள் கண் கலங்குகிறார்கள். நான் பார்த்த நல்ல டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தவர். கேட்பதை எப்படிப் படம் எடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

அரூர் வாசகன்:

தளி தங்கச்சி சொன்னது மனதைத் தொட்டது. ஆனால் அதைத்தானே இந்தப் படம் செய்கிறது! வேலுத்தம்பி வந்த உடனே வசனம் பேசி ஜெயிப்பதில்லை. பிள்ளைகள் அவனை ஏய்க்கிறார்கள், சுற்றலில் விடுகிறார்கள். ஊர் எப்படிப் பிழைக்கிறது என்பதை அவன் முதலில் கற்றுக்கொள்கிறான், அப்புறம்தான் கற்பிக்கிறான். ஓசூர் சார், அந்தப் பிள்ளைகளுக்கு ஓரமாக வைப்பதற்குப் புத்தகமே கிடையாது. படிப்பு இருந்தால் ஏமாற மாட்டோம் என்று ஒரு சூளைத் தொழிலாளிக்குப் புரிகிற மாதிரி சொன்ன படம் இது. மற்ற ஆசிரியர் படங்களோடு சேர்த்து இதையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள்.

மலைப்பள்ளி டீச்சர்:

மூட்டை கட்டவில்லை. இந்தப் படத்தில் எனக்கு உறுத்துகிற இடம் கடைசிதான், அரசு வேலையை விடுகிற இடம்.

2022-ல் காலிப் பணியிடங்களில் பள்ளி மேலாண்மைக் குழு மூலமாகத் தற்காலிக ஆசிரியர்களைப் போட்டார்கள். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000. ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கும் பெண்கள் அந்த வேலைக்கு வந்தார்கள். பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் எவ்வளவு போகும் என்று மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். அவர்கள் மனசாரப் பாடம் நடத்தினார்கள். அவர்களிடம் போய், நிரந்தர வேலையை உதறுவதுதான் ஒரு ஆசிரியரின் உச்சம் என்று காட்டினால் என்ன அர்த்தம்? தியாகத்தைக் கும்பிட்டுப் பழகிய ஊர் சம்பளத்தைப் பற்றிக் கேட்காது.

பென்னாகரம் தம்பி, உங்கள் கணக்கு சாரை நானும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அவர் சூளைக்கு வந்ததற்குப் பஸ் காசு யார் கொடுத்தது? அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவர் போனாரா?

இன்னொன்றும் சொல்கிறேன். 2023 ஆகஸ்ட் 25-ல் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. எங்கள் பள்ளியில் பத்து மணிக்குச் சோர்ந்து படுக்கிற பிள்ளைகள் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். திங்கட்கிழமை வராத பையன் வருகிறான். மகளிர் சுய உதவிக் குழுவின் இரண்டு அக்காக்கள் விடிகாலையில் வந்து அடுப்புப் பற்றவைக்கிறார்கள். என் எந்தப் பேச்சும் இந்த மாற்றத்தைச் செய்ததில்லை. அவர்களைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை.

பென்னாகரத்தான்:

பஸ் காசு அவருடையதுதான். அவருக்குப் பிறகு வந்தவர் போகவில்லை, எங்கள் தெருவில் அதற்குப் பிறகு மூன்று பேர் படிப்பை விட்டார்கள். நீங்கள் கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில் இதுதான்.

ஆனால் இதிலிருந்து நீங்கள் எடுக்கிற முடிவும் நான் எடுக்கிற முடிவும் வேறு. அரசாணை வருகிற வரைக்கும் காத்திருந்தால் நான் இப்போது கல் அறுத்துக்கொண்டிருப்பேன். ஒரு தலைமுறை பிள்ளைகளுக்குப் பத்து வருஷம்தான் பள்ளிக்கூடம். அமைப்பு சரியாவதற்குள் அந்தப் பத்து வருஷம் போய்விடும். நடுவில் நிற்கிற மனுஷனைக் கொண்டாடாமல் யாரைக் கொண்டாடுவது? அவரைப் பார்த்துத்தான் நானும் பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டடத் தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்கு அவர், இன்னொருவனுக்கு அந்தப் படம்.

ஓசூர் அப்பா:

தம்பி, உங்கள் சார் செய்தது புதுமையே இல்லை என்பேன். வராத பிள்ளையைத் தேடிப்போவதும் விடுதி மனு எழுதுவதும் ஆசிரியர் வேலைதான். அதை அதிசயமாக்கினால் செய்யாதவருக்கு வசதியாகப் போய்விடும்.

தளி வாசகி:

ஓசூர் சார் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், பாதி. எங்கள் டீச்சர் தெலுங்கு கற்றுக்கொள்ள வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. எல்லையோரப் பள்ளிக்குப் போகிற ஆசிரியருக்கு அந்த ஊர் மொழியில் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் முதலில் ஒருத்தர் தானாகச் செய்து காட்டியதால்தான் அப்படி ஒன்று கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அரூர் வாசகன்:

டீச்சர் சொன்ன சம்பள விஷயத்தை இரண்டு நாளாக யோசித்தேன். படத்தைப் போடத்தான் போகிறேன். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு சிறார் படம் திரையிட்டார்கள், படம் முடிந்து பேச வைத்தார்கள். பிள்ளைகளுக்குச் செய்ததைப் பெற்றோருக்கும் செய்யலாம். முடிந்ததும் அரைமணி நேரம் பேச்சு. டீச்சர், நீங்கள் வந்து பேச முடியுமா? பஸ் இல்லாவிட்டால் வண்டி அனுப்புகிறேன்.

மலைப்பள்ளி டீச்சர்:

வருகிறேன். ஒரு நிபந்தனை. பேச்சு முடிந்ததும் உங்கள் பள்ளியின் காலிப் பணியிடத்தை நிரப்பக் கோரி அங்கேயே தீர்மானம் எழுதி, வந்திருக்கும் பெற்றோர் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். கிராம சபையிலும் அதையே வைக்க வேண்டும்.

அரூர் வாசகன்:

தீர்மானத்துக்குச் சம்மதம், அன்றைக்கே என்பதற்கு இல்லை. கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறவர்களிடம் தாளை நீட்டினால் படம் காட்டிக் கையெழுத்து வாங்கினார்கள் என்று பேச்சு வரும். அடுத்த கூட்டத்தில் வைப்போம்.

மலைப்பள்ளி டீச்சர்:

அடுத்த கூட்டத்துக்கு மறுபடியும் நாலு பேர்தான் வருவார்கள். கூட்டம் இருக்கும்போதே எழுதுங்கள்.

பென்னாகரத்தான்:

இரண்டு பேருக்கும் ஒன்று சொல்கிறேன். எதுவானாலும் பொங்கலுக்கு முன்னால் வையுங்கள். தை பிறந்த பிறகு வைத்தால், யாருக்காக இந்தப் படமோ அவர்கள் சூளையில் இருப்பார்கள்.