கடைசிப் பக்கம் கிழிஞ்சு போன கதைகள் - உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

சலூன்பெஞ்ச்:

எல்லாருக்கும் வணக்கம். பாதியில கைய விட்டுப் போன கதை ஒண்ணு எல்லார்கிட்டயும் இருக்கும்ல, புக்கு கிழிஞ்சிருக்கும், இல்ல படம் பாக்கறப்ப யாராச்சும் எழுப்பிக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க, அது அப்படியே மண்டைக்குள்ள உக்காந்துக்கும். அது பின்னாடி எங்கயாச்சும் மாட்டுச்சா, மாட்டுனப்ப நீங்க நெனச்சு வச்சிருந்த கதையாவே இருந்துச்சா? அதான் கேள்வி. என்னோடத முதல்ல சொல்லிடறேன்.

எங்க ஊரு சாத்தூர் பக்கம். முத்து காமிக்ஸ் வர்ற சிவகாசி பக்கத்துலயே தான், ஆனா எங்களுக்குப் புது புக்கு எங்க கண்ணுல பட்டுச்சு, எல்லாம் சலூன் பெஞ்சுல கெடக்கறது தான். முடி வெட்டப் போனா நமக்கு முன்னாடி நாலு பேரு இருக்கணும்னு வேண்டிக்குவேன். அங்க ஒரு இரும்புக்கை மாயாவி கெடந்துச்சு, அட்டை இல்ல, பேரு தெரியாது, பின்னாடி ஒரு பத்து பக்கம் போயிருச்சு, பாதி முடி ஒட்டிக் கெடக்கும். மாயாவி கரண்ட் கம்பியப் பிடிப்பாரு, ஆளு மறைஞ்சுருவாரு, அந்த இரும்புக்கை மட்டும் அந்தரத்துல மெதக்கும். நிழல் மாதிரி ஒரு உளவுப்படைக்கு வேலை பாக்கற நல்லவரு. அவர எங்கயோ அடைச்சு வச்சிருக்காங்க, செவுத்துல ஒரு பிளக் பாயிண்ட் தெரியுது, கைய நீட்டுறாரு, அதோட புக்கு காலி. எங்க அண்ணன் அதுக்கு அப்புறம் என்ன ஆகும்னு கண்டுபிடிக்கறேன்னு ஸ்பூன எடுத்து பிளக்ல விட்டான். மறையல. தூக்கி அடிச்சதுல அரிசி டின் மேல போய் விழுந்தான், எங்கப்பா வந்து மிச்சத்தக் குடுத்தாரு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். கொஞ்ச வருஷம் முன்னாடி சென்னை புத்தகக் கண்காட்சில மறுபதிப்பு மாட்டுச்சு, அதுவும் மொதல் கதை, 1972ல முத்து காமிக்ஸ் ஆரம்பிச்சதே இந்தக் கதைய வச்சு தான். அங்கயே ஓரமா உக்காந்து படிச்சேன். பாத்தா ஹீரோ திருடன்ங்க! லேப்ல வேல பாக்கறவரு, ஏற்கனவே ஒரு கை போய் இரும்புக்கை மாட்டினவரு, ஷாக் அடிச்சு மறையற சக்தி வந்ததும் மொத வேலையா திருட்டு, மிரட்டல்னு எறங்கிடறாரு. அப்புறம் தான் திருந்துறாரு. நான் முப்பது வருஷமா நல்லவருன்னு நெனச்சுட்டு இருந்த ஆளு. 1962ல இங்கிலாந்துல வாலியன்ட்ங்கற பத்திரிகைல வந்தப்பவும் அப்படித்தான் ஆரம்பம். எனக்கு ஏமாத்தமா இல்ல, அதான் ஆச்சரியம், இன்னும் கொஞ்சம் பிடிச்சுப் போச்சு. ஆனா சலூன்ல படிச்ச அந்தக் கதை எதுன்னு இன்னும் தெரியல. அடைச்சு வைக்கறது, பிளக் பாயிண்ட் எல்லாம் மாயாவி கதைல பாதிக்குப் பாதி வரும் போல இருக்கு.

ஆடிப்பதினெட்டு:

நல்லா ஆரம்பிச்சீங்க அண்ணா. எனக்குக் கிழிஞ்சது இல்ல, கரையான் தின்னது.

எங்க ஆச்சி வீட்டுப் பரண்ல பொன்னியின் செல்வன் பைண்டு இருந்துச்சு. கடைல வாங்குனது இல்ல, 1950லேர்ந்து 54 வரைக்கும் கல்கில வாரா வாரம் வந்தப்ப ஆச்சியோட அண்ணன் பக்கம் பக்கமா எடுத்து பைண்டு பண்ணினது. ஓவியர் மணியம் வரைஞ்ச படத்தோட. அத்தியாயம் முடியற எடத்துல பின்பக்கத்து விளம்பரமும் சேர்ந்தே வரும், குந்தவை ஒரு பக்கம் தலைவலி மருந்து ஒரு பக்கம், நான் ரெண்டையும் படிச்சேன், லீவுல வேற என்ன வேல. அஞ்சாம் பாகத்துல கடம்பூர் மாளிகை வரைக்கும் வந்தாச்சு, ஆதித்த கரிகாலன் உள்ள இருக்கான், நந்தினி இருக்கா, வந்தியத்தேவன் ஒளிஞ்சுருக்கான், பக்கத்த திருப்புனா மண்ணா உதிருது. கரையான் சரியா அந்த எடத்துல ஒரு கொத்து சாப்ட்டுருக்கு. அதுக்கும் அப்புறம் வர்ற பக்கத்துல கரிகாலன் செத்துட்டான், எல்லாரும் அழறாங்க.

கொன்னது யாருன்னு ஆச்சிகிட்ட கேட்டேன். "அவ தாண்டி, அந்த நந்தினி தான்"னாங்க. திண்ணைல இருந்து தாத்தா, "ஒனக்கு என்ன தெரியும், ரவிதாசன் கூட்டம்"னாரு. பெரியம்மா அடுப்படில இருந்தே "அவனே குத்திக்கிட்டான்"னு சொல்றாங்க. மூணு பேரும் முழுசா படிச்சவங்க! எனக்கு எவ்ளோ கோவம் வந்துச்சு தெரியுமா, வேணும்னே வெளையாடறாங்கன்னு. காலேஜ் சேர்ந்து லைப்ரரில முழு அஞ்சு பாகம் எடுத்து நேரா அந்த அத்தியாயத்துக்குப் போனேன். படிச்சவங்களுக்குத் தெரியும். கல்கி சொல்லவே இல்ல. விளக்கு அணையுது, இருட்டு, அவ்ளோ தான். மூணு பேரு சொன்னதும் சரி, மூணு பேரு சொன்னதும் இல்ல. கரையான் தின்ன அத்தியாயத்துலயும் பதில் இல்ல.

இதோட விட்டுருப்பேன். கல்யாணம் ஆகி வந்தது காட்டுமன்னார்கோயில் பக்கம். கதை ஆரம்பிக்கற அந்த வீராணம் ஏரி தான், வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு அன்னிக்கு குதிரைல வந்து எழுபத்து நாலு கணவாய (தண்ணி போற மதகு) எண்ணிட்டு நிப்பானே, அதே கரைல எங்க வீட்டுக்காரரு டூவீலர்ல என்னைய கூட்டிட்டுப் போவாரு. உடையார்குடி அனந்தீசுவரர் கோயில்ல கல்வெட்டு இருக்குன்னு ஒரு நாள் அங்க போனேன். அந்த எழுத்து நமக்குப் படிக்க வராது, அதுல என்ன இருக்குன்னு படிச்சுத் தெரிஞ்சது தான். ராஜராஜன் பட்டத்துக்கு வந்த ரெண்டாம் வருஷத்து உத்தரவு, கரிகாலனைக் கொன்ன துரோகிகள்னு சோமன், ரவிதாசன்னு பேரு போட்டு அவங்க, அவங்க சொந்தக்காரங்க நெலத்தை எல்லாம் பறிமுதல் பண்ணச் சொல்லுது. கதைல வர்ற அதே ரவிதாசன், கல்லுல! அப்ப தாத்தா ஜெயிச்சுட்டாருன்னு வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஆச்சி ஒத்துக்கல. "கல்லுல எழுதுனவன் உள்ள இருந்து பாத்தானா"ன்னு கேட்டாங்க. 2023ல ரெண்டாம் பாகம் படம் வந்தப்ப தியேட்டர்ல அந்த சீன்ல எனக்குப் பக்கத்துல யாரும் இல்லாத மாதிரி இருந்துச்சு, மூணு பேருமே போய்ட்டாங்க அதுக்குள்ள.

மணியக்காரர்வீடு:

சகோதரி, உங்க ஆச்சி கேட்டது ஐகோர்ட்ல கேக்கற கேள்வி. 😄

எனக்குப் புக்கு இல்ல, படம். எங்க ஊர்ல பஞ்சாயத்து டிவி ரூம் தான், ஞாயித்துக்கெழம சாயந்தரம் தூர்தர்ஷன்ல படம், ஊரே பாய் கொண்டாந்து போட்டு எடம் பிடிக்கும். அன்னிக்கு உதிரிப்பூக்கள். சின்னப் பசங்களுக்குப் பிடிக்காத படம், சண்டை கெடையாது, காமெடி கெடையாது, ஆனா எனக்கு அந்த சுந்தரவடிவேலு (விஜயன்) மேல அப்படி ஒரு பயம், கத்த மாட்டான், அடிக்க மாட்டான், நின்னு பாப்பான் அவ்ளோ தான். கடைசில ஊரு ஆம்பளைங்க எல்லாம் சேந்து அவனை ஆத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க. யாரும் பேசல. ஆத்தங்கரை வந்துருச்சு. கரண்ட் போச்சு.

அன்னிக்குப் பூரா வரவே இல்ல. ஜனம் பாயைச் சுருட்டிட்டுப் போயிருச்சு. வீட்டுல படுத்தா எனக்குத் தூக்கம் வரல, அவனை என்ன பண்ணினாங்க, விட்டாங்களா அடிச்சாங்களா. ஆளாளுக்கு ஒண்ணு சொன்னானுங்க ஸ்கூல்ல, ஒருத்தன் அவன் நீந்தித் தப்பிச்சுட்டான்னான், நான் ரெண்டு வருஷம் அதை நம்புனேன்.

அப்புறம் டைட்டில்ல போட்டது ஞாபகம் வந்துச்சு, புதுமைப்பித்தனோட சிற்றன்னை. சரி, அதுல இருக்கும்னு தேடுனேன், எங்க ஊர் கிளை நூலகத்துல இல்ல, மதுரைல பழைய புத்தகக் கடைல தொகுப்பு ஒண்ணு மாட்டுச்சு, பஸ் ஸ்டாண்டுல உக்காந்தே பொரட்டுனேன். ஆறே இல்லைங்க அதுல! ஊர்க்காரங்க இல்ல, தண்டனை இல்ல. சித்தி வந்த வீடு, அந்தக் குழந்தைங்க, அவ்ளோ தான் கதை. படத்துல வர்ற அந்த ஆளு எங்க, புக்குல வர்ற ஆளு எங்க, பேரு மட்டும் தான் ஒண்ணு. டைரக்டர் மகேந்திரன் ஒரு பொறிய எடுத்து தனக்குனு ஒரு அடுப்பு மூட்டிக்கிட்டாருன்னு அப்புறம் தான் புரிஞ்சுது. எனக்கு அன்னிக்கு அதெல்லாம் தோணல, இருவத்தஞ்சு ரூவா போச்சேன்னு தான் இருந்துச்சு. ஆனா பஸ் வர லேட்டாச்சு, வேற வழி இல்லாம முழுசா படிச்சேன், அன்னிக்குப் பிடிச்ச புதுமைப்பித்தன் இன்னும் விடல.

கடைசி சீன் பாத்தது சிடி வந்த காலத்துல. இந்தத் தடவ கரண்ட் போகல. சொல்ல மாட்டேன், பாக்காதவங்க இருப்பீங்க. ஒண்ணு மட்டும், அவன் கடைசியா அந்த ஊர்க்காரங்ககிட்ட பேசறான் பாருங்க, அது சின்ன வயசுல எனக்குப் புரிஞ்சிருக்காது, அன்னிக்குக் கரண்ட் போனது நல்லதாப் போச்சு.

பனங்கொட்டை:

நான் யாழ்ப்பாணம், இப்ப ரொறன்ரோ. உங்கட கதையள் வாசிக்க சந்தோசமாக் கிடக்கு, நானும் எழுதிறன், பேச்சு வேற மாதிரி இருக்கும் குறை நினையாதேங்கோ.

எங்களுக்கு இந்தியப் புத்தகம் எல்லாம் கடையில வாடகைக்குத் தான். சிவகாசியில இருந்து வாற லயன் காமிக்ஸ் எண்டால் உயிர், அதில ஸ்பைடர் எண்டொருத்தர், அமெரிக்கன் ஸ்பைடர்மேன் இல்லை, இவர் கூர்க் காது, கறுப்பு உடுப்பு, வலை சுடுற துவக்கு, கள்ளருக்கெல்லாம் ராசாவா வாறது தான் அவரின்ர ஆசை. (மேல அண்ணை சொன்ன மாதிரித் தான், எங்களுக்கு வாய்ச்ச நாயகர் எல்லாம் கள்ளர்.) தொண்ணூறில சண்டை திரும்பத் தொடங்கிப் பொருளாதாரத் தடையும் வந்தாப் பிறகு மண்ணெண்ணெய்க்கும் சவுக்காரத்துக்குமே வழியில்லை, காமிக்ஸ் ஆர் கொண்டு வாறது. கரண்டும் இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுத்தித் தான் ரேடியோ கேக்கிறது. கையில இருந்த ஏழெட்டுப் புத்தகத்தை மாத்தி மாத்தி வாசிச்சம், அதுகளும் 95இல இடம்பெயரேக்க விட்டிட்டு வந்தாச்சு. ஒரு கதை பாதி வாசிச்சபடி தலகாணிக்குக் கீழ வச்சனான். அந்த வீட்டுக்கு நாங்கள் திரும்பிப் போகேல்ல.

இஞ்ச வந்து கன வருசத்துக்குப் பிறகு மகளோட நூலகத்துக்குப் போனன். அவ தன்ர புத்தகம் தேட, நான் சும்மா காமிக்ஸ் ராக்கையைப் பாத்துக்கொண்டு நிண்டன். கூர்க் காது. இங்கிலீசில! எழுதினது ஆர் எண்டு பாத்தால் ஜெரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கின ரெண்டு பேரில ஒராள். மற்றவர் ஜோ ஷுஸ்டர் பிறந்ததே இந்த ரொறன்ரோவில தான். மகளுக்குச் சூப்பர்மேன் தெரியும், "அப்பாக்கு உவரைத் தெரியுமோ"வெண்டு கேட்டாள், அவரின்ர மற்றப் பிள்ளையைத் தெரியும் எண்டு சொன்னன், விளங்கேல்ல அவளுக்கு. பிரிட்டனில வந்த பத்திரிகையின்ர பெயரும் லயன் தான், அறுபதுகளில வந்தது.

ஆனால் ஒண்டு. இங்கிலீசில வாசிக்க அந்த ஆள் என்ர ஸ்பைடர் இல்லை. தமிழில அவர் கதைக்கிற கதை, அந்தத் திமிர், "நான் ஆர் தெரியுமா" எண்ட மாதிரி ஒரு நடை, அது சிவகாசியில பூசின வர்ணமாக்கும். தலகாணிக்குக் கீழ விட்ட கதை அந்தப் புத்தகத்தில இருக்கேல்ல.

2கே_கிட்:

அங்கிள்ஸ் ஆன்ட்டீஸ் எல்லாம் மன்னிக்கணும், எனக்கு எதுவும் கிழியல, எல்லாம் போன்ல தான் 😅 எனக்கு உல்ட்டாவா நடந்துச்சு. 2019ல அசுரன் பாத்துட்டு செம ஹை, ஃப்ளாஷ்பேக்ல அழுதேன், உடனே பூமணியோட வெக்கை வாங்குனேன், 1982ல வந்த நாவல். நான் தேடுன ஃப்ளாஷ்பேக் அதுல கெடையாது ப்ரோ! கொலை மொத பக்கத்துலயே முடிஞ்சுருது. அப்புறம் அப்பனும் புள்ளையும் காட்டுல கரட்டுல ஒளிஞ்சு திரியறாங்க, சமைக்கறாங்க, பேசிக்கறாங்க, பழம் பறிக்கறாங்க, மொத நாப்பது பக்கம் செம கடுப்பு, எப்படா யாராச்சும் வெட்டுவாங்கன்னு இருந்துச்சு. அப்புறம் எப்ப உள்ள போனேன்னே தெரியல. எங்கப்பாகிட்ட நான் அவ்ளோ நேரம் பேசுனதே இல்ல, அதான் போல. படம் திரும்பப் பாத்தேன், இப்ப எனக்கு அந்த ஃப்ளாஷ்பேக்க விட காட்டு சீன் தான் பிடிக்குது.

சலூன்பெஞ்ச்:

பனங்கொட்டை அண்ணே, அந்தக் கதைல என்ன வந்துச்சுன்னு ஞாபகம் இருந்தா ரெண்டு வரி எழுதுங்க, இங்க பழைய காமிக்ஸ் சேர்க்கறவங்க நாலஞ்சு பேரு பழக்கம், கேட்டுப் பாக்கறேன். ஆடிப்பதினெட்டு தங்கச்சி, அந்த பைண்டு இப்ப எங்க இருக்கு? தூக்கிப் போட்றாதீங்க. தம்பி 2கே, அப்பாகிட்ட பேசு.

பனங்கொட்டை:

பெயர் ஞாபகம் இல்லைத் தம்பி. கடைசியா வாசிச்ச பக்கத்தில அவர் ஹெலிகாரில (அவரின்ர பறக்கிற வண்டி) ஏறிப் பறக்கிறார், கீழ ஒருத்தன் அண்ணாந்து பாத்துச் சிரிக்கிறான். ஏன் சிரிக்கிறான் எண்டு தான் தெரிய வேணும்.

ஆடிப்பதினெட்டு:

பைண்டு என்கிட்ட தான் இருக்கு அண்ணா. கற்பூரம் போட்டு வச்சிருக்கேன்.

மணியக்காரர்வீடு:

நானும் ஒண்ணு கேட்டுக்கறேன், யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லுங்க. கடலை மடிச்சுக் குடுத்த பேப்பர், ஒரே ஒரு பக்கம், ஏதோ வாரப் பத்திரிகை சிறுகதை. ஒரு கெழவரு தபால்பெட்டிக்கு முன்னாடி நிக்கறாரு, போட்ட லெட்டர திரும்ப எடுக்க முடியுமான்னு போற வர்றவங்ககிட்ட எல்லாம் கேக்கறாரு, போஸ்ட்மேன் வர இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு. அங்க முடிஞ்சுது பேப்பர். எண்பத்தஞ்சு எண்பத்தாறு இருக்கும். எண்ணெய் ஊறி எழுதுனவரு பேரு தெரியல.