ஆஃப்ரோடு வண்டிக்கு எந்த மாற்றம் போட்ட காசுக்குத் தகும்?

லோரேஞ்ச்:
லிஃப்ட் (வண்டியை உயர்த்தும் கிட்) போடலாமா, லாக்கர் (ஒரு ஆக்சிலின் இரு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிச் சுற்றவைப்பது) போடலாமா என்று கேட்பவரிடம் திருப்பிக் கேட்கவேண்டிய முதல் கேள்வி: மண்ணில் இறங்கும்போது டயரில் காற்றழுத்தம் எத்தனை பிஎஸ்ஐ வைக்கிறீர்கள்? சாலைக்கான 32 பிஎஸ்ஐயோடு மணலில் போய்ப் புதைந்துவிட்டு, வண்டிக்குப் பவர் போதவில்லை என்று முடிவு கட்டுபவர்கள்தான் அதிகம். கல் பாதைக்கு 22 முதல் 25, மணலுக்கு 15 முதல் 18 வரை இறக்கிப் பாருங்கள். காற்று குறைந்த டயர் அகலவாக்கில் விரிவதைவிட நீளவாக்கில்தான் அதிகம் படியும். தரையைப் பிடிக்கும் பரப்பு கூடுவதற்கு அதுதான் காரணம்.

15க்குக் கீழே போனால் வேகத்தையும் திருப்பத்தையும் அடக்கி வாசிக்கவேண்டும். சட்டென்று வளைத்தால் டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். திரும்பிச் சாலையேறும் முன் காற்று நிரப்பியே ஆகவேண்டும். குறைந்த காற்றில் வேகமாக ஓடினால் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும்.

இதற்கு வேண்டியது காற்றழுத்தம் அளக்க நல்ல ஒரு கேஜும் காற்றடிக்கக் கம்ப்ரஸரும் மட்டுமே. கம்ப்ரஸரை சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகாதீர்கள். பெரிய டயரை நிரப்பக்கூடிய கம்ப்ரஸர் 30 ஆம்பியரும் அதற்கு மேலும் இழுக்கும்; சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 முதல் 20தான். பேட்டரியிலிருந்து நேராக, ஃபியூஸ் வைத்து எடுங்கள். என் கணக்கில் எல்லா மாற்றங்களிலும் காசுக்கு அதிகம் திருப்பித் தருவது இதுதான்.

பட்டறைமேசை:
டயர் அளவைக் கூட்டுவதைப் பற்றிச் சொல்கிறேன். 265/70 ஆர்16 டயரின் விட்டம் ஏறக்குறைய 777 மில்லிமீட்டர். 285/75 ஆர்16க்குப் போனால் 834. வித்தியாசம் 57 மில்லிமீட்டர்; அதில் பாதி, அதாவது 28 மில்லிமீட்டர்தான், தரையிலிருந்து ஆக்சில் உயரும் அளவு. அதற்கு ஈடாக நீங்கள் கொடுப்பதைப் பாருங்கள். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 107இல் ஓடும். 4.10 ஃபைனல் டிரைவ் (ஆக்சிலின் கியர் விகிதம்) 3.82 போல நடந்துகொள்ளும். ஏற்றத்தில் இரண்டாம் கியர் இழுத்த இடத்தில் முதல் கியர் கேட்கும், ஆட்டோமேட்டிக் என்றால் கியர் மாறி மாறித் தடுமாறும், பிரேக் பிடிக்கும் தூரமும் நீளும். பழைய இழுவை திரும்ப வேண்டுமென்றால் முன்னும் பின்னும் ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடியான கிரௌன் பினியனை மாற்றவேண்டும். டயர் வாங்கக் கணக்கு போட்டவர் யாரும் இந்தச் செலவை அதில் சேர்த்திருக்கமாட்டார்.

முழு ஸ்டீயரிங் ஒடித்து, ஒரு பக்கச் சக்கரத்தைக் கல்லில் ஏற்றி, உள் மட்கார்டிலும் சேஸிஸிலும் உரசுகிறதா என்று பார்க்காமல் டயருக்குக் காசு கொடுக்காதீர்கள். சமதளத்தில் நிறுத்திப் பார்த்து, உரசவில்லை என்பதில் பயனே இல்லை. உரசலைத் தவிர்க்க ஆஃப்செட் குறைந்த ரிம் போட்டால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். வீல் பேரிங்கின் ஆயுள் குறையும், கல்லில் ஏறும்போது ஸ்டீயரிங் கையை உதறும்.

அளவைக் கூட்டாமல், அதே சைஸில் ஆல் டெர்ரெய்ன் (சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான டயர்) போடுவது பெரும்பாலோருக்குப் போதும். பக்கச்சுவர் தடித்த எல்டி (லைட் டிரக்) ரகமாகப் பாருங்கள். மட் டெர்ரெய்ன் டயர் சேற்றில் அருமையாக ஓடும். நனைந்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்துப் பார்த்தால் அந்த மோகம் கொஞ்சம் தணியும்.

ஆக்சில்டூ:
டயர் சரி. ஆனால் இங்கே பலரும் லாக்கரைக் கடைசியில் தள்ளுவதை ஒத்துக்கொள்ளமாட்டேன். ஓப்பன் டிஃப்ரன்ஷியல், அதாவது ஆக்சிலின் இரு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும், லாக்கர் இல்லாத டிஃப், இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு டார்க்கைத்தான் (சுழற்றும் விசை) தரும். ஒன்று அந்தரத்தில் சுற்றினால், அதைச் சுற்றத் தேவையான சொற்ப டார்க்தான் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் கிடைக்கும். இரண்டு இன்ச் உயர்த்திய ஓப்பன் டிஃப் வண்டி நிற்கும் இடத்தை, உயர்த்தாத லாக்கர் வண்டி சத்தமில்லாமல் தாண்டிப் போகும்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பின் ஆக்சிலுக்கு வாங்குங்கள். ஏற்றத்தில் எடை பின்னால்தான் சாயும். முன்னால் லாக்கர் போட்டு ஸ்டீயரிங்கை முழுதும் ஒடித்த நிலையில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் முன் சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் மூட்டான சிவி ஜாயின்ட்தான் முதலில் பலியாகும்.

பொருத்தும் வேலையை மலிவாக முடிக்கப் பார்க்காதீர்கள். பேக்லாஷ் (பற்களுக்கு நடுவே விடும் இடைவெளி), பேரிங் பிரீலோட் (பேரிங்கின் இறுக்கம்) இரண்டையும் அந்த ஆக்சிலின் மேனுவல் சொல்லும் அளவில் வைத்து, பல்லில் மார்க்கிங் பேஸ்ட் பூசிச் சுற்றி, அச்சு எங்கே விழுகிறது என்று பார்த்தே மூடவேண்டும். அச்சு பல்லின் ஓரத்தில் விழுந்தால் சில மாதங்களில் ஊளைச் சத்தம் ஆரம்பிக்கும். காற்றழுத்தத்தால் இயங்கும் ஏர் லாக்கரில் தொல்லை பெரும்பாலும் காற்றில்தான்: சீல் ஹவுசிங்கின் ஓரிங் கசியும், அல்லது ஏர் லைன் எக்ஸாஸ்ட் அருகே உருகும். சுவிட்சை அணைக்கும்போது சோலனாய்டில் (காற்றைத் திறந்து மூடும் வால்வு) எண்ணெய் துப்பினால் டிஃப் பிரீதர் (டிஃப் மூச்சுவிடும் துளை) அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

லோரேஞ்ச்:
டிராக்ஷன் கன்ட்ரோல் உள்ள வண்டிக்கு இந்தக் கணக்கு மாறும், ஆக்சில்டூ. அது சுற்றும் சக்கரத்தை பிரேக்கால் பிடித்து மறுபக்கத்துக்கு டார்க்கை அனுப்புகிறது. பலர் சக்கரம் சுற்றத் தொடங்கியதும் காலை எடுத்துவிடுகிறார்கள். அது வேலையே தொடங்கியிருக்காது. ஆக்சிலேட்டரை ஆட்டாமல் ஓரிரு நொடி பிடித்து வையுங்கள். மணலில் மட்டும் அதை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எஞ்சின் பவரை வெட்டிப் புதைக்கும். இதெல்லாம் பழகிய பிறகும் நிற்கிறது என்றால் லாக்கர் வாங்குங்கள்.

பட்டறைமேசை:
லிஃப்ட் போடலாமா என்று யோசிப்பவர்களுக்கு. லிஃப்ட் கிட் உடலையும் சேஸிஸையும்தான் உயர்த்தும். நேர் ஆக்சில் வண்டியில் டிஃப் இருந்த உயரத்திலேயே இருக்கும். கிடைப்பது ஏறும் கோணம், இறங்கும் கோணம், நடுவயிறு தட்டாமல் தாண்டும் கோணம். இந்த மூன்றிலும் இடிக்கிறது என்றால் லிஃப்டுக்கு அர்த்தமுண்டு.

40 முதல் 50 மில்லிமீட்டர் வரை ஓரளவு நிம்மதி. அதற்கு மேல் ஒவ்வொன்றாகப் பின்னால் வரும். ரேடியஸ் ஆர்ம் (ஆக்சிலை சேஸிஸோடு இணைக்கும் கை) உள்ள முன் ஆக்சிலில் இரண்டு இன்ச்சுக்கே கேஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வு) 2 டிகிரி அளவுக்குக் குறையும். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேராகாது, நெடுஞ்சாலையில் வண்டி அலையும். கேஸ்டர் புஷ் அல்லது கரெக்ஷன் பிளேட் வேண்டும். ஆக்சிலை பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராட் அதை ஒரு பக்கமாக இழுக்கும். பிரேக் ஹோஸ் நீளம் போதுமா என்று சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பாருங்கள்.

தனித்தனி முன் சஸ்பென்ஷன் வண்டியில் மலிவுக்காக ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றான பாகம்) தலையில் ஸ்பேசர் வைப்பது நடக்கிறது. அதில் சஸ்பென்ஷனின் நகர்வு ஒரு மில்லிமீட்டர்கூட அதிகரிக்காது. இருக்கும் நகர்வு மொத்தமும் கீழே தள்ளப்படுகிறது, அவ்வளவே. சக்கரம் தொங்கும்போது சிவி ஜாயின்டும் பால் ஜாயின்டும் கம்பெனி நினைத்துப்பார்க்காத கோணத்துக்குப் போகும். அமுங்கும்போது பம்ப் ஸ்டாப் (கடைசியில் தடுக்கும் ரப்பர்) தடுக்கும் முன்பே ஷாக் அடியில் போய் முட்டும். ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த கிட்டாக வாங்க முடியாவிட்டால் லிஃப்டே வேண்டாம் என்பேன்.

ஸ்பிரிங்கை எடை பார்த்து வாங்குங்கள். இரும்பு பம்பர் இல்லாத வண்டிக்கு பம்பர் எடைக்கான ஸ்பிரிங் போட்டால் மூக்கு தூக்கி நிற்கும், பல் ஆடும் அளவுக்குக் குதிக்கும். ரப்பர் புஷ்களின் போல்ட்டை, வண்டி பட்டறையின் தூக்கியில் சக்கரம் தொங்க நிற்கும்போது முறுக்கக்கூடாது. சக்கரம் தரையில் எடை தாங்கும் நிலையில்தான் முறுக்கவேண்டும். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். இலை ஸ்பிரிங் யூ போல்ட்டைப் புதிதாகவே போடுங்கள், சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு மறுபடி டார்க் பாருங்கள். கடைசியாக அலைன்மென்ட், ஹெட்லைட் உயரம்.

சேற்றுப்பிரியன்:
ஸ்நோர்க்கல் (எஞ்சினுக்குக் காற்றெடுக்கும் உயரமான குழாய்) போட்டவர்கள் எல்லாரும் நீந்தக் கிளம்புகிறார்கள். எஞ்சின் காற்றை உயரத்தில் எடுக்கும், தூசிப் பாதையில் ஃபில்டர் கொஞ்சம் அதிக நாள் தாங்கும், அவ்வளவுதான். ஆல்டர்னேட்டர், ஈசியூ (எஞ்சினின் கணினி), ஃபியூஸ் பெட்டி எல்லாம் பழைய உயரத்திலேயே இருக்கின்றன. போட்ட பிறகு எஞ்சினை ஐடிலில் விட்டு ஸ்நோர்க்கலின் வாயைத் தட்டையான பலகையால் மூடுங்கள். எஞ்சின் நின்றால் இணைப்புகள் இறுக்கம். ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ ஓட்டை. தண்ணீரும் அதே வழியில்தான் வரும். ஏர் பாக்ஸின் அடியில் உள்ள நீர் வடியும் வால்வை மறந்துவிடுவது வழக்கமான தவறு.

அதைவிடப் பல மடங்கு மலிவானது டிஃப் பிரீதர் நீட்டிப்பு. ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கும். பிரீதர் முங்கியிருந்தால் அது தண்ணீரை இழுக்கும். அடைத்திருந்தால் ஆயில் சீல் வழியாக இழுக்கும். டிஃப் ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் நடந்தது இதுதான். முன் டிஃப், பின் டிஃப், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் நான்குக்கும் ஹோஸ் இழுத்து எஞ்சின் பேயின் உச்சியில் கட்டுங்கள். பின் ஆக்சில் முழுதும் தொங்கும்போது இழுபடாத அளவு தளர்வு விடுங்கள்.

ஆக்சில்டூ:
வின்ச் (கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் மோட்டார்) வாங்குபவர்கள் எண்ணைச் சரியாகப் படிக்கவேண்டும். வண்டியின் மொத்த அனுமதி எடையைப் போல ஒன்றரை மடங்கு என்பது வழக்கமான கணக்கு. 3,000 கிலோவுக்கு 4,500, அதாவது 10,000 பவுண்டு வின்ச். ஆனால் அந்த இழுவை டிரம்மில் முதல் சுற்று அடுக்குக்கு மட்டுமே. மேலடுக்கு ஒவ்வொன்றிலும் பத்து சதவீதத்துக்கு மேல் குறையும். அருகில் மரம் இருந்தாலும் கயிற்றை அதிகம் வெளியே எடுத்து, கப்பி போட்டு இரட்டையாக இழுங்கள். முழுப் பளுவில் 400 ஆம்பியர் வரை இழுக்கும், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

தனியாகப் போகாதவருக்கு வின்ச் தேவையில்லை. சேஸிஸில் போல்ட் செய்த, எடை குறித்த ரெக்கவரி பாயின்ட்கள் (கயிறு மாட்டி இழுக்கும் இடங்கள்) முன்னும் பின்னும், இரண்டு ஷாக்கிள் (இணைக்கும் வளையம்), ஒரு கைனெட்டிக் கயிறு (நீண்டு சுருங்கி இழுப்பது) போதும். கப்பலில் கட்டுவதற்கு வைத்த கொக்கியில் மாட்டி இழுக்காதீர்கள். டிரெய்லர் மாட்டும் டோ பாலில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அது ஒடிந்தால் குண்டாகப் பறந்து கண்ணாடியைத் துளைக்கும், ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

லோரேஞ்ச்:
எடையைக் கூட்டிப் பார்த்தீர்களா யாராவது? தோராயமாக: இரும்பு பம்பர் 60 கிலோ, வின்ச் 40, ராக் ஸ்லைடர் (பக்கவாட்டுப் பாதுகாப்புக் குழாய்) 40, வண்டியின் அடிப்பகுதியைக் காக்கும் அடித்தட்டுகள் 40, ரூஃப் ரேக் 30, கூரைக் கூடாரம் 60, இரண்டாம் பேட்டரி 25, பெரிய டயர் ஐந்துக்கும் கூடுதலாக 40. மொத்தம் 335 கிலோ. நான்கு பேர் ஏறினால் 635. பல வண்டிகளின் ஏற்று எடை இதைச் சுற்றியே முடிகிறது. தண்ணீரும் பெட்டிகளும் இன்னும் ஏறவில்லை. கூரைக்குத் தனி வரம்பு உண்டு, ரேக்கின் எடையும் அதற்குள்தான். வரம்பைத் தாண்டிய வண்டியில் விபத்து நடந்தால் காப்பீடு கைவிட வாய்ப்புண்டு. பாறையில் போகாதவர் ஸ்லைடரையும் அடித்தட்டையும் கழற்றினாலே 80 கிலோ மிச்சம்.

பட்டறைமேசை:
புது வண்டிக்காரர்களுக்கு ஒன்று விட்டுப்போனது. முன் பம்பருக்குள் ரேடார், கண்ணாடியில் கேமரா உள்ள வண்டியில் இரும்பு பம்பரோ லிஃப்டோ போட்டால் தானியங்கி பிரேக் தவறாகப் படிக்கும், அல்லது பிழை விளக்கு காட்டி அணைந்துவிடும். ரேடாருக்கு இடம் விட்டுச் செய்த பம்பர்தானா, காலிபரேஷன் (ரேடாரையும் கேமராவையும் மறுபடி சரிப்படுத்துவது) யார் செய்து தருவார் என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.