மலேரியா மாத்திரைச் செலவுக்கு உதவி கிடைக்குமா?

தேவனாம்பட்டினத்து அக்கா:
தம்பி மங்களூரில் விசைப்படகு வேலைக்குப் போனவன். ஜூன் 1 அங்கே மீன்பிடித் தடை தொடங்கியதும் ஊருக்கு வந்தான். மூன்றாம் நாள் சாயங்காலம் குளிர் தூக்கிப் போட்டது. மூன்று போர்வை போர்த்தியும் கட்டிலே ஆடியது. ஒருநாள் விட்டு ஒருநாள் அதே நேரத்துக்கு வந்தது. தனியார் கிளினிக்கில் வைவாக்ஸ் மலேரியா என்றார்கள். ஊசி, குளுக்கோஸ், பரிசோதனை எல்லாம் சேர்த்து இரண்டு நாளில் 4,300 ரூபாய் போய்விட்டது. இன்னும் 14 நாளைக்கு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். இங்கேயும் 14ஆம் தேதிவரை தடை, வீட்டில் வருமானமே இல்லை. காப்பீட்டு அட்டையில் இதற்கு ஏதாவது கிடைக்குமா? அவனோ, "காய்ச்சல்தான் நின்றுவிட்டதே, இனி எதுக்கு மாத்திரை" என்கிறான்.

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர், கடலூர்:
காசுக்கு அலையாதீர்கள் அம்மா. மலேரியாவுக்கு ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் அரசு மருத்துவமனையில் இலவசம். முதலமைச்சர் காப்பீடு படுக்கையில் சேர்த்துப் பார்க்கும் சிகிச்சைக்குத்தான், மாத்திரை வாங்க உதவாது. ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனைக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ நாளைக் காலையிலேயே போங்கள். மங்களூரிலிருந்து வந்தவன் என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

தம்பியிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். மூன்று நாள் குளோரோகுயின் ரத்தத்தில் இருக்கும் கிருமியைத்தான் கொல்லும். வைவாக்ஸ் கிருமி கல்லீரலுக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். அதை அழிப்பது பிரைமாகுயின், அதற்குத்தான் 14 நாள். பாதியில் விட்டவர்கள் சில மாதம் கழித்து மறுபடியும் குளிரில் நடுங்கி வந்ததை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். நடுக்கடலில் அது வந்தால் என்ன செய்வான்?

புதுச்சேரி வாசகி:
என் வீட்டுக்காரருக்கும் இதேதான். வெறும் வயிற்றில் போட்டு முதல் நாளே வாந்தி. சாப்பிட்ட பிறகு கொடுங்கள். ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு இருந்தால் பிரைமாகுயின் ஆகாது, அதை டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். சிறுநீர் கறுத்துப் போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஓடுங்கள். உங்கள் வீட்டில் கர்ப்பிணி யாராவது காய்ச்சலில் படுத்தால் இதே மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

தேவனாம்பட்டினத்து அக்கா:
போய் வந்தோம். டாக்டர் எல்லாம் விசாரித்துவிட்டு மாத்திரை கொடுத்தார், ஒரு பைசா வாங்கவில்லை. மறுநாள் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே வந்து எங்கள் எல்லோருக்கும் விரலில் குத்தி ரத்தம் எடுத்தார். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி திறந்து கிடந்தது, மூடச் சொன்னார். இன்றைக்கு நான்காம் நாள். ராத்திரிச் சோறு முடிந்ததும் மாத்திரையை நானே கையில் கொடுத்து, அவன் விழுங்கும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன். ஐயாவுக்கும் புதுச்சேரி அக்காவுக்கும் ரொம்ப நன்றி.